டிராயிங் பீரியடைத் திருடாதீர்கள்!

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. கையில் பேனா இருக்கிறதா? இந்தப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறதல்லவா, அங்கே 'ட' என்று ஓர் எழுத்து எழுதுங்கள். வெறும் கோடாக அல்ல. மரக்கட்டையில் அறுத்தெடுத்து மேஜை மேல் நிறுத்திவைத்த மாதிரி. முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் மூன்றும் தெரிய வேண்டும். தமிழின் 247 எழுத்துகளில் இதைவிடச் சுலபமானதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நெட்டுக்கு ஒன்று, படுக்கையாக ஒன்று. தீர்ந்தது விஷயம்.

வரைந்தாயிற்றா? ஒரு பக்கம் இளைத்து, ஒரு பக்கம் பெருத்து, லாரி ஏறின அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறதா? சிரித்துக்கொண்டே "எனக்கு டிராயிங் வராதுங்க" என்பீர்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் இன்று வம்புக்கு இழுக்கப்போகிறேன். "எனக்குக் கூட்டல் வராதுங்க" என்று யாரும் சிரித்துக்கொண்டே சொல்வதில்லை. "எனக்குத் தமிழ் படிக்க வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். டிராயிங் வராது என்பதை மட்டும் 'பாகற்காய் பிடிக்காது' என்கிற தோரணையில் சொல்கிறோம். ஏதோ பிறவியிலேயே சிலருக்குக் கைராசி, நமக்கு அது அமையவில்லை, ஆண்டவன் விட்ட வழி என்கிற மாதிரி.

கைராசியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய நேரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திருட்டு உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் நடக்கிறது.

சந்தேகமாக இருந்தால் அந்த 'ட'வுக்கே திரும்பிப் போவோம். அதை எப்படி வரைவது என்று சொல்கிறேன். பத்து நிமிஷ வேலை.

முதலில் தடிமனான 'ட' ஒன்றை ஸ்கேல் வைத்துத் தட்டையாக வரைந்துகொள்ளுங்கள். ஆறு மூலைகள் வரும். எழுத்துக்கு வலதுபக்கம், மேலே, கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் மறையும் புள்ளி. எலெக்ட்ரிக் ட்ரெயின் பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளமும் தூரத்தில் போய்ச் சேருகிற மாதிரி தெரியுமே, அந்த இடம். ஆறு மூலைகளிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு பென்சிலால் லேசாகக் கோடு இழுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். உச்சியில் இடதுபக்க மூலையிலிருந்து கிளம்பும் கோட்டில், கட்டை எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவு தூரத்தில் ஒரு குறி போடுங்கள். அந்தக் குறியிலிருந்து, எழுத்தின் மேல்விளிம்புக்கு இணையாக ஒரு கோடு. அது அடுத்த மூலையின் கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து அடுத்த விளிம்புக்கு இணையாக, அடுத்த மூலையின் கோடு வரைக்கும். இப்படியே ஆறு மூலைகளையும் சுற்றி வாருங்கள். கடைசிக் கோடு, நீங்கள் முதலில் போட்ட குறியிலேயே வந்து முடிந்தால் சரியாக வரைந்திருக்கிறீர்கள். ஒரு நூல் தள்ளிப்போனால் எங்கேயோ பிசகு. விடைத்தாள் திருத்த யாரும் வேண்டாம். படமே மார்க் போட்டுவிடும்.

பிறகு முன்பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கோடுகளை ரப்பரால் அழியுங்கள். மேல்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு பக்கவாட்டுக்கு மட்டும் கருப்பு தீற்றுங்கள். 'ட' எழுந்து நிற்கும். சத்தியமாக நிற்கும்.

சரி, அந்தக் கடைசிக் கோடு ஏன் புறப்பட்ட இடத்துக்கே வந்தது? மாயமா? பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அடிப்படை விகிதசமத் தேற்றம், இன்னொரு பெயர் தேல்ஸ் தேற்றம். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் அது மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும். உங்கள் மறையும் புள்ளிதான் முக்கோணத்தின் உச்சி. எழுத்தின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு அடிப்பக்கம். ஒரு 'ட'வுக்குள் ஆறு முக்கோணம், தேல்ஸ் தேற்றம் ஆறு தடவை. நீங்கள் அதை மனப்பாடம் செய்து, நிரூபணம் எழுதி, மார்க் வாங்கி, மறுநாளே மறந்தும் போனீர்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, இல்லையா?

நம் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கிறது என்றால், தேல்ஸ் தேற்றத்தை நடத்தி முடிக்கப் போதிய நேரமில்லை என்று டிராயிங் பீரியடைக் கடன் வாங்குகிறார்கள். "சார், போர்ஷன் முடியலை, டிராயிங்தானே, கொடுங்களேன்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு குரல் கேட்கும். டிராயிங் சாரும் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் என்ன செய்வார், பாவம்! தேற்றத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே வகுப்பைப் பிடுங்கி, அதே தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். நீச்சல் தியரி நடத்துவதற்காகக் குளத்தை மூடுகிற கதைதான்.

*

கோடு என்பது ஏதோ பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல் ஒரு புத்தகம் போட்டார். காம்பஸும் ஸ்கேலும் வைத்து அளந்து வரைவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம். அதில் ரோமன் எழுத்துகளைச் சதுரமும் வட்டமும் கொண்டு கட்டுவது எப்படி என்று இருக்கிறது. அதே புத்தகத்தில் பர்ஸ்பெக்டிவ் வரைவது எப்படி என்றும் இருக்கிறது. எழுத்தும் பர்ஸ்பெக்டிவும் ஒரே அட்டைக்குள், 500 வருஷத்துக்கு முன்பே! யாருக்காக எழுதினார்? ஓவியர்களுக்கு மட்டுமல்ல, பொற்கொல்லர், சிற்பி, கல்தச்சர், மரத்தச்சர் என்று அளவுகோல் பிடிக்கிற எல்லாருக்கும். அறிஞர்களின் லத்தீனில் அல்ல, பட்டறையில் இருக்கிறவனுக்குப் புரியும் ஜெர்மன் மொழியில் எழுதினார். தாய்மொழியில் தொழில்நுட்பம் என்று நாம் இன்னும் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். "பர்ஸ்பெக்டிவ் என்பது வெள்ளைக்காரன் கண். நம் அஜந்தாவில் ஏது மறையும் புள்ளி?" என்று. அஜந்தாவுக்கு அது தேவைப்படவில்லை, அது வேறு அழகு. அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால், புளோரன்ஸில் புருனெலெஸ்கி செய்துகாட்டி, ஆல்பெர்ட்டி 1435-ல் எழுதிவைத்த இந்த வித்தைக்கு அடிப்படையான ஒளியியலில் பெரும்பங்கு, 11-ம் நூற்றாண்டில் கெய்ரோவில் உட்கார்ந்து எழுதிய அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதமுடையது. யார் கண்டுபிடித்தால் என்ன, மெரினாவில் நின்று பார்த்தால் கடலும் வானமும் தொடும் கோடு உங்கள் கண்மட்டத்தில்தான் இருக்கும். உட்கார்ந்தால் அதுவும் உங்களோடு உட்காரும். இதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை.

அந்தக் கண்மட்டக் கோட்டை வைத்து ஒரு விளையாட்டு சொல்கிறேன். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் எழுத்துக்கு மேல்பக்கம் தெரியும். கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் அடிப்பக்கம்தான் தெரியும். மேஜை மேல் இருக்கும் 'ட'வின் தலை தெரியும். மொட்டை மாடியில் நிற்கும் பெயர்ப்பலகையின் பாதம் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். ஒரே பேனரில், ஒரே வார்த்தையில், ஓர் எழுத்துக்குத் தலையும் அடுத்த எழுத்துக்குப் பாதமும் தெரிகிற அற்புதங்களைக் காண்பீர்கள். ஒருவேளை அதில் பாதி பூமியிலிருந்தும் பாதி ஹெலிகாப்டரிலிருந்தும் பார்க்க வேண்டியதோ என்னவோ!

*

"அதெல்லாம் சரி சார், இப்பதான் கம்ப்யூட்டர் இருக்கே. ஒரு பட்டனைத் தட்டினா த்ரீ-டி எழுத்து வந்துடுது. ஏ.ஐ.கிட்ட கேட்டா படமே போட்டுத் தருது. இனிமே எதுக்குக் கையால வரையணும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கால்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாட்டை ஏன் இன்னும் சொல்லித்தருகிறோம்? கடைக்காரர் போட்ட கணக்கில் ஒரு சைபர் கூடினால் நமக்கு உறைக்க வேண்டும் என்பதற்காக. மெஷின் தப்பாகத் தரும்போது அது தப்பு என்று தெரிய, கண் பழகியிருக்க வேண்டும். ஏ.ஐ. போட்ட படத்தில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கிற தமிழ் எழுத்தை "சூப்பர்" என்று ஃபார்வேர்ட் செய்கிறார்களே, அவர்களிடம் இல்லாதது மென்பொருள் அல்ல. பழகின கண்.

இன்னொன்று. பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் அந்தப் பட்டனுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது ஸ்டம்புக்குப் பக்கத்தில் விளம்பர எழுத்துகள் பலகை மாதிரி நிமிர்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃபீல்டர் ஓடி வந்து அதில் மோதிக்கொள்ளப் போகிறார் என்று பதறினால், அதன் மேலேயே நடந்து போவார். தரையில் விரித்த பாய் அது. மெயின் கேமரா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பார்த்தால் மட்டும் நிமிர்ந்து தெரிகிற மாதிரி எழுத்தைக் கணக்குப் போட்டு இழுத்து, வளைத்து அச்சடித்திருக்கிறார்கள். பர்ஸ்பெக்டிவைத் தலைகீழாகப் போடும் கணக்கு. கோடிக்கணக்கான பணம் புரளும் விளையாட்டில், அந்தப் பாய்க்கு இருக்கும் மதிப்பு நம் டிராயிங் பீரியடுக்கு இல்லை.

தார் ரோட்டில் 'மெதுவாக' என்று எழுதியிருப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒல்லிக்குச்சியாக, ஒட்டடைக்கொம்பு நீளத்துக்கு இருக்கும். வண்டியில் வரும்போது மட்டும் சாதாரணமாகத் தெரியும். டிரைவரின் கண் தாழ்ந்த கோணத்தில் பார்ப்பதால் நீளம் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டத்தான் நீட்டி எழுத வேண்டும் என்று சாலைக் குறியீட்டு விதிகளிலேயே வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்தைச் சரியாக நீட்டாவிட்டால் ஒருவர் பிரேக் போடத் தாமதமாகலாம். இனிமேல் அதைப் 'படம் போடுற வேலை' என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

*

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன்.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று ஆறாம் வகுப்பில் பையன் கையிலிருந்து கலர் பென்சிலைப் பிடுங்குகிறீர்கள். பதினெட்டு வயதில் அதே பையன் இன்ஜினீயரிங் சேருகிறான். முதல் வருஷத்தில் இன்ஜினீயரிங் கிராபிக்ஸ் என்று ஒரு பேப்பர். தோளில் சார்ட் குழாய், கையில் மினி டிராஃப்டர், முகத்தில் கலவரம் என்று பஸ் ஸ்டாண்டுகளில் அவனைப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அந்தப் பேப்பரின் கடைசிப் பகுதி ஐசோமெட்ரிக்கும் பர்ஸ்பெக்டிவும். ஏழாம் வகுப்பில் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்திவைத்து வரைந்திருந்தால் விளையாட்டாக வந்திருக்கும். இப்போது அரியர் விழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

மகள் ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்படுகிறாளா? நாட்டா என்று ஒரு நுழைவுத்தேர்வு. வரையத் தெரிய வேண்டும். என்ன செய்வீர்கள்? கோச்சிங் சென்டரில் ஃபீஸ் கட்டிச் சேர்ப்பீர்கள். அங்கே முதல் வாரம் சொல்லித்தருவது என்ன தெரியுமா? கண்மட்டக் கோடு, மறையும் புள்ளி, ஒரு பெட்டி. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதைப் பிடுங்கவிட்டு, பிறகு காசு கொடுத்து வாங்குகிறீர்கள். காசு கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். முடியாதவர்களின் பிள்ளைகள்? அவர்களுக்கு அந்த நாற்பது நிமிஷ டிராயிங் பீரியடை விட்டால் வேறு கதி கிடையாது. இது அழகியல் பிரச்னை அல்ல என்று நான் கத்துவது அதனால்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு சில தடவை சம்பளத்தை உயர்த்தினார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததும் வருஷா வருஷம் நடந்தது. 'பகுதிநேரம்' என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. பகுதிநேரக் கண், பகுதிநேரக் கை!

டிராயிங் மாஸ்டர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பீரியட் கிடைத்தால் என்ன சொல்லித்தருகிறீர்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், கீழே ஆறு. தலைமுறை தலைமுறையாக அதே சூரியன் அதே மலைகளுக்கு நடுவில் உதித்துக்கொண்டிருக்கிறான். அதை விட்டுவிட்டு ஒரு வார்த்தையைக் கொடுங்கள். 'பட்டம்' என்று கொடுங்கள்.

நான்கு எழுத்து. தூரத்தை நோக்கிப் போகும் ஒரு சுவரில் அதை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து நான்கு சமபாகமாகப் பிரிப்பார்கள். தப்பாக வரும். தூரத்தில் இருக்கும் 'ம்' பூதாகரமாகவும் பக்கத்தில் இருக்கும் 'ப' ஒடுங்கியும் தெரியும். அப்போது ரகசியத்தைச் சொல்லுங்கள். சுவரின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உண்மையான நடு இருக்கிறது. ஒவ்வொரு பாதியையும் மறுபடி அதே மாதிரி வெட்டினால் கால் பாகங்கள் கிடைக்கும். பக்கத்து எழுத்து அகலமாகவும் தூரத்து எழுத்து ஒடுங்கியும் தானாக வந்து உட்காரும். அளவுகோலில் சமமாக இருப்பது கண்ணுக்குச் சமமாகத் தெரியாது என்பதைப் பதினொரு வயதில் ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கிற தருணம் இருக்கிறதே, அதை எந்த கைடும் தர முடியாது.

பிறகு 'ம'வின் வளைவு வரும். வளைவைச் சாய்ந்த கட்டத்துக்குள் அடக்கினால் வட்டம் நீள்வட்டமாகும். கடைசியில் புள்ளி. 'ம்'மின் தலையில் இருக்கும் புள்ளி தட்டையான காசா, உருண்டைக் கோலியா? வரைகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். காசு என்றால் நீள்வட்டம், கோலி என்றால் நிழல். இங்கிலீஷ்காரனின் கேப்பிட்டல் எழுத்துகளுக்கு இந்தச் சங்கடமே கிடையாது. தமிழ் எழுத்தை முப்பரிமாணத்தில் வரைகிறவன் அதைவிடக் கூடுதலாகவே ஜியோமெட்ரி கற்கிறான்.

*

இந்தக் கலையை எந்தப் பள்ளியும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டு, நம் தெருக்கள் முழுக்க எழுதிக்காட்டியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். கடை போர்டு எழுதினவர்கள், சினிமா பேனர் வரைந்தவர்கள், தேர்தல் நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் பிடித்து எழுதினவர்கள். சாக்பீஸ் தடவின நூலைச் சுண்டிக் கோடு போட்டு, ஆளுயர எழுத்தைச் சாரத்தில் நின்றபடி, பத்தடி தள்ளிப்போய்ப் பார்க்க வசதியில்லாமல் மனக்கணக்காகவே வரைந்தவர்கள். கலைக்கூடத்துக்காரர்கள் அவர்களைக் 'கமர்ஷியல்' என்று ஒதுக்கினார்கள். நாம் 'பெயின்டர்' என்று கூப்பிட்டோம். ஃப்ளெக்ஸ் வந்தது. மளமளவென்று பிரஷ்கள் காய்ந்துபோயின.

ஃப்ளெக்ஸ் மலிவு, சீக்கிரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்காக நடுரோட்டில் வைத்த பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்துபோனது உங்களுக்கு மறந்திருக்காது. சுவரில் எழுதின எழுத்து யார் தலையிலும் விழுந்ததில்லை. அனுமதி கேட்காமல் அடுத்தவன் சுவரில் எழுதுவது தப்புதான். 1959-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அனுமதித்த சுவரில், அரசாங்கமே எழுதும் சுவரில், பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில் எழுதக்கூட இன்று ஃப்ளெக்ஸைத் தேடுகிறோம். அந்த பெயின்டரைக் கூப்பிட்டு, ஒரு மாதம் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிப் பெயரை எழுதவைத்தால் பீரியடுக்கும் வேலை, பெயின்டருக்கும் கூலி, சுவருக்கும் அழகு. இதற்கு எந்த கமிட்டியும் வேண்டாம். ஒரு தலைமையாசிரியர் மனசு வைத்தால் போதும்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் "என் பையன் ரேங்க் என்ன?" என்று கேட்பதற்கு முன், டைம்டேபிளைக் காட்டச் சொல்லுங்கள். டிராயிங் என்று போட்டிருக்கும் கட்டத்தில் விரலை வைத்து, போன மாதம் இதில் எத்தனை வகுப்பு நடந்தது, யார் நடத்தினார்கள் என்று கேளுங்கள். "அது மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க சார்" என்று பதில் வரும்.

வந்தால் கோபப்படாதீர்கள். அந்த மேத்ஸ் மிஸ்ஸிடம் மரியாதையாக ஒரு சாக்பீஸைக் கொடுத்து, போர்டில் ஒரு 'ட' நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திவிட்டார் என்றால் பீரியடை அவரே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை.